சூடு போகும் வழி

மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் கணினி வைத்துப் பிழைப்பவர்களுக்குச் சென்னைக் கோடை ஒரு தொழில் பிரச்சினை. பகலெல்லாம் வெயில் குடித்த தளம், இரவு பத்து மணிக்கும் சூட்டைக் கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். என் வேலை கல்யாண வீடியோ எடிட்டிங். வைகாசி முகூர்த்தங்கள் வந்து குவிவதும் அதே நாட்களில்தான். என்னிடம் இருப்பது இன்டெல் ஐ7-8700கே சிப்பும் ஜிடிஎக்ஸ் 1080 கிராபிக்ஸ் கார்டும் கொண்ட பழைய கணினி. சிப் 100 டிகிரியைத் தொட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எடிட் செய்ததை முழு வீடியோவாக மாற்றும் ரெண்டர் வேலையை இரவு ஓடவிட்டால், காலையில் அது பாதியில் நிற்கும். ஃபேன்களின் இரைச்சலில் குரல் பதிவும் செய்ய முடியாது.

அறைக்கு ஏசி போடும் வசதி அப்போது இல்லை. கணினிக்கு மட்டுமாவது வாட்டர் கூலிங் போடலாம் என்று விசாரித்தேன். புது உதிரிகளாக வாங்கினால் என் பழைய கணினியின் விலையையே நெருங்கும் போலிருந்தது. கற்றுக்கொண்டு நானே செய்வது என்று முடிவெடுத்து, மின்னணுச் சாமான்கள் விற்கும் ரிச்சி தெருவின் ஒரு சந்துக்குள் சர்வீஸ் பெஞ்ச் போட்டிருக்கும் பாயிடம் போய்ச் சேர்ந்தேன். இளமையில், பழைய கார் உதிரிகளுக்குப் பேர்போன புதுப்பேட்டையில் கார் ரேடியேட்டர் பற்றவைக்கும் பட்டறையில் இருந்துவிட்டுக் கணினிப் பக்கம் வந்தவர் அவர். இரண்டு தொழிலும் தெரிந்த ஒருவர் கிடைத்தது என் கொடுப்பினை. சாயங்காலங்களில் கடைக்குப் போய், அவருக்கு ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக் கொடுத்தபடி கற்றுக்கொண்டேன்.

முதலில் தெர்மாமீட்டர்

தண்ணீர் பற்றிய பேச்சையே அவர் முதலில் எடுக்க விடவில்லை. "மொதல்ல ரூம் சூட்ட எழுது தம்பி. பக்கத்துலயே சிப் சூட்ட எழுது. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம்தான் கூலருக்கு மார்க்கு" என்றார்.

அந்த ஒரு வரியில் நிறைய இருந்தது. அறை 28 டிகிரியாக இருக்கும்போது 78 காட்டும் சிப்பும், அறை 36 ஆகும்போது 86 காட்டும் சிப்பும் ஒரே நிலையில்தான் இருக்கின்றன. கூலர் இரண்டு முறையும் 50 டிகிரி வித்தியாசத்தில்தான் வேலை செய்திருக்கிறது. அறையின் சூட்டை எழுதாமல் சிப்பின் எண்ணை மட்டும் வைத்து இந்தக் கூலர் நல்லது, அது மோசம் என்று பேசுவதில் பொருளே இல்லை. எனக்காக ஒரு நோட்டு போட்டு, வேலை ஓடும் நேரங்களில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் குறித்து வந்தேன்.

அடுத்து, சூடு போகும் வழியைக் காகிதத்தில் வரையச் சொன்னார். சிலிக்கானில் பிறக்கும் சூடு, அதன் மேலுள்ள உலோக மூடிக்குப் போக வேண்டும். மூடியிலிருந்து தெர்மல் பேஸ்ட் வழியாகக் கூலரின் அடிப்பாகத்துக்கு, அங்கிருந்து தகடுகளுக்கு, தகடுகளிலிருந்து கேபினெட்டுக்குள் இருக்கும் காற்றுக்கு, கேபினெட்டிலிருந்து அறைக்கு, அறையிலிருந்து வெளியே. "இதுல எங்க அடைப்புன்னு கண்டுபுடி. காச அங்க போடு. மத்த எடத்துல போட்ட காசு வீண்." பட்ஜெட்டில் செய்ய வேண்டிய எந்த வேலைக்கும் இதைவிடத் தெளிவான விதியை நான் கேட்டதில்லை.

அடைப்பைக் கண்டுபிடிக்கக் காசு செலவில்லாத சோதனைகள் இருக்கின்றன. கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு அதே வேலையை ஓட்டிப் பார்ப்பது ஒன்று. சூடு சட்டென்று இறங்கினால் அடைப்பு கேபினெட்டின் காற்றோட்டத்தில். இன்னொரு 120 மில்லிமீட்டர் ஃபேன் போதும், தண்ணீருக்கு வேலையே இல்லை. கூலரைக் கழற்றி, காய்ந்துபோன பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகப் போட்டுப் பார்ப்பது இன்னொன்று. இவற்றை முடித்த பிறகுதான் என் கணினியின் உண்மையான அடைப்புகள் தெரிந்தன.

8700கே வந்த காலத்துச் சிப்புகளில் சிலிக்கானுக்கும் உலோக மூடிக்கும் நடுவில் இன்டெல் உலோகப் பற்றுக்குப் பதிலாகப் பேஸ்ட்டைத்தான் வைத்திருந்தது. மூடிக்கு மேலே எவ்வளவு தண்ணீர் ஓடினாலும், மூடிக்கு உள்ளே இருக்கும் அந்த அடைப்பு அப்படியேதான் இருக்கும் என்றார் பாய். கிராபிக்ஸ் கார்டில் மூடியே கிடையாது. சிலிக்கான் நேராகக் கூலரைத் தொடுகிறது. அது எடுக்கும் மின்சாரமும் அதிகம்: சிப்புக்கு இன்டெல் குறித்திருக்கும் அளவு 95 வாட், கார்டுக்கு 180 வாட். ஆகவே முதல் பிளாக் கார்டுக்கு என்று முடிவானது. பிளாக் என்பது சிப்பின் மேல் உட்காரும் செம்புக் கட்டை. அதன் உள்ளே முடி அளவுக்கு மெல்லிய பள்ளங்கள் வழியாகத் தண்ணீர் ஓடும். கார்டின் முழு நீளத்தையும் மூடும் பிளாக்குகள் அந்தந்த மாடலுக்கென்றே வருபவை, விலையும் கூடுதல். நடுச் சிலிக்கானை மட்டும் தொடும் பொதுவான பிளாக்கை வாங்கி, மெமரிக்கும் மின்சாரம் சீராக்கும் பகுதிக்கும் சிறு ஹீட்சிங்க்குகள் ஒட்டி, மேலே ஒரு ஃபேன் ஓடவிட்டால் செலவு வெகுவாகக் குறையும்.

தண்ணீர் செய்யும் வேலை

ஒரே கொள்ளளவுள்ள காற்றையும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டால், ஒரு டிகிரி ஏறுவதற்குள் தண்ணீர் ஏறத்தாழ 3,500 மடங்கு சூட்டை வாங்கிக்கொள்ளும். கார்டின் 180 வாட்டைக் கணக்கில் போட்டுப் பார்த்தேன். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர் ஓடினால், பிளாக்கைக் கடக்கும்போது அது 2.6 டிகிரிதான் சூடேறும். அதே சூட்டைக் காற்று வாங்கி, தான் 10 டிகிரிக்கு மேல் ஏறாமல் இருக்க வேண்டுமானால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 900 லிட்டர் காற்று வேண்டும்.

இந்தக் கணக்கே வேறு இரண்டு செலவுகளையும் மிச்சப்படுத்தியது. பம்ப், பிளாக், ரேடியேட்டர் வழியாகத் திரும்பத் திரும்ப ஓடும் தண்ணீரின் சூடு சுற்று முழுவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எனவே முதலில் சிப்பா, கார்டா, ரேடியேட்டரா என்ற வரிசையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. எந்த வரிசையில் டியூப் குறைவாக வளைகிறதோ அது நல்ல வரிசை. பம்ப் மட்டும் எப்போதும் தண்ணீர் தொட்டிக்குக் கீழே இருக்க வேண்டும். அதேபோல் ஓட்டத்தை இரண்டு லிட்டராக்கினால் 2.6 டிகிரி 1.3 ஆகும், அவ்வளவே லாபம். பெரிய பம்புக்குக் கொட்டிக் கொடுக்கத் தேவையில்லை.

தண்ணீர் சூட்டை அழிப்பதில்லை, எடுத்துப் போகிறது. கடைசியில் அதை வாங்கிக்கொள்வது ரேடியேட்டர் வழியாகப் போகும் காற்றுதான். அறை 35 டிகிரி என்றால் தண்ணீர் 35-க்குக் கீழே இறங்கவே இறங்காது.

"பாய், தொட்டியில ஐஸ் போட்டா?" என்று கேட்டேன். பென்சிலை எடுத்துக் கணக்கு போடச் சொன்னார். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூல் சூட்டை வாங்கும். 180 வாட் கார்டுக்கு அது அரை மணி நேரம் தாங்கும். அதைவிட முக்கியமான காரணத்தைப் பிறகு சொன்னார். கோடையில் சென்னைக் காற்றில் ஈரம் அதிகம். ஏறத்தாழ 25 டிகிரிக்குக் கீழே போன எந்தப் பொருளின் மேலும் நீர் கோக்கத் தொடங்கிவிடும். ஐஸ் தண்ணீர் ஓடும் டியூபும் பிளாக்கும் வியர்த்து, அந்த நீர் மதர்போர்டில் சொட்டும். அறைச் சூட்டுக்குக் கீழே போகாத தண்ணீரில் இந்த ஆபத்தே இல்லை.

கணினிக்குத் தண்ணீர் என்பது புதிய யோசனையும் அல்ல. 1980-இல் ஐபிஎம் அறிவித்த 3081 பெருங்கணினியில், சிப்புகளின் சூட்டை உலோகப் பிஸ்டன்கள் எடுத்துத் தண்ணீர் ஓடும் தட்டுக்குக் கொடுத்தன. வீட்டுக் கணினியில் இது பரவியது 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில். அன்று இதற்கென்று கடை உதிரிகள் அபூர்வம். அமெரிக்க ஆர்வலர்கள் 1977 மாடல் போன்டியாக் போனவில் காரின் ஹீட்டர் கோரையும், ஜெர்மனியின் ஐஹைம் மீன் தொட்டிப் பம்பையும் வைத்துச் சமாளித்தார்கள். ஹீட்டர் கோர் என்பது காருக்குள் சூடான காற்று வருவதற்காக டேஷ்போர்டுக்குள் வைக்கும் சின்ன ரேடியேட்டர். சிக்கனமாகச் செய்ய நினைப்பவருக்கு அவர்கள் போன வழி இன்றும் திறந்திருக்கிறது. புதுப்பேட்டை இருக்கும் ஊரில் அது இன்னும் சுலபம்.

ஹீட்டர் கோரும் வாளித் தண்ணீரும்

புதுப்பேட்டைக் குவியலில் எதை எடுப்பது என்பதே ஒரு பாடம். புதிய கார்களில் பெரும்பாலும் அலுமினியம். பழைய கார்களில் செம்புத் தகடும் பித்தளைத் தலையும் வரும். நமக்கு வேண்டியது இரண்டாவது வகை. பிளாக் செம்பாக இருந்து ரேடியேட்டர் அலுமினியமாக இருந்தால், ஒரே தண்ணீரில் இரண்டும் சேர்ந்து மின்கலம்போல் வேலை செய்து அலுமினியத்தை அரிக்கும். அரிப்பில் வரும் வெள்ளைக் கசடு பிளாக்கின் மெல்லிய பள்ளங்களை அடைத்துவிடும். மலிவான செட்டுகளில் கவனிக்க வேண்டிய முதல் விஷயம் இதுதான். காந்தத்தை வைத்துப் பார்ப்பதில் பயனில்லை, இரண்டுமே ஒட்டாது. கையில் தூக்கினால் செம்பு கனக்கும். பாய் ஒரு சின்ன அரத்தை எடுத்துக் கறுப்புப் பெயின்டுக்குக் கீழே ஓரத்தில் இரண்டு முறை இழுத்தார். தலைப்பகுதி மஞ்சளாகவும் தகடு சிவப்பாகவும் மின்னியது. அதையே வாங்கினோம்.

பெஞ்சுக்கு வந்ததும் வெந்நீர் விட்டுக் குலுக்கினோம். துருவும் பழைய பச்சைக் கூலன்டும் கலந்து பழுப்பாகக் கொட்டியது. அந்தக் கூலன்டில் இருக்கும் கிளைகால் இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். குழந்தைகளோ நாயோ வரும் இடத்தில் அதைக் கொட்டவோ திறந்து வைக்கவோ கூடாது. பிறகு வினிகர் கலந்த நீரை நிரப்பிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, தெளிவாக வரும்வரை அலசினோம். மடங்கியிருந்த தகடுகளை மழுங்கிய கத்தி முனையால் ஒவ்வொன்றாக நிமிர்த்தியது என் வேலை. தகட்டுக்குத் தகடு வெளிச்சம் தெரிந்தால்தான் காற்று போகும்.

அடுத்தது பஞ்சர் கடைச் சோதனை. ஒரு வாயை ரப்பர் கட்டையால் அடைத்து, இன்னொரு வாயில் சைக்கிள் பம்பின் டியூபை இறுக்கிக் கோரை வாளித் தண்ணீரில் அமுக்கினார். என்னைக் காற்றடிக்கச் சொன்னார். தகடுகளுக்கு நடுவில் சிக்கியிருந்த காற்று முதலில் பெரிய குமிழிகளாக வெளியேறியது. "அத பாக்காத. அது அடங்கட்டும்" என்றார். அடங்கிய பிறகு பித்தளைத் தலை தகட்டோடு சேரும் ஒரு மூலையிலிருந்து கடுகளவு குமிழிகள், ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே நேர்க்கோட்டில் ஏறி வந்தன. அந்த இடத்தை ஆணியால் கீறி அடையாளம் வைத்து, காயவைத்து, சுரண்டிச் சுத்தம் செய்து, ஃபிளக்ஸ் தடவி, சின்ன டார்ச்சால் சூடாக்கி ஈயத்தை வைத்தார். உலோகம் போதுமான சூட்டுக்கு வந்ததும் ஈயம் தானாகவே விரிசலுக்குள் இழுபட்டுப் போனது. சுடரை ஈயத்தில் காட்டாமல் பித்தளையில் காட்ட வேண்டும் என்பதை அங்கேதான் பார்த்துக் கற்றேன். கோரின் அகலமான வாய்களை வெட்டி, நம் டியூபுக்குப் பொருந்தும் செம்புக் குழாய்த் துண்டுகளையும் அப்போதே பற்றவைத்தோம். மறுபடியும் வாளி, மறுபடியும் காற்று. எங்கும் குமிழி வராததைப் பார்த்த பிறகுதான் கோர் பெஞ்சுக்குத் திரும்பியது.

மிச்சம் பிடிக்கும் இடம், பிடிக்கக் கூடாத இடம்

டியூபில் மிச்சம் பிடிக்கலாம். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் லெவல் டியூப் எந்த ஹார்டுவேர் கடையிலும் மீட்டர் கணக்கில் கிடைக்கும். நாளடைவில் மங்கும், அப்போது மாற்றிக்கொள்ளலாம். நுனியை வெந்நீரில் முக்கி இளக்கினால் பிளாக், பம்ப் ஆகியவற்றின் குழாய் மூக்கில் எளிதாக ஏறும். மேலே ஹோஸ் கிளிப் போட்டு முறுக்க வேண்டும். மடங்கும் அளவுக்கு வளைக்கக் கூடாது.

தொட்டியிலும் மிச்சம் பிடிக்கலாம். பம்புக்கு முன்னால் ஒரு டி ஜாயின்ட் போட்டு, அதன் மேல் வாயில் ஒரு முழம் டியூபை நிமிர்த்தி நிறுத்தி மூடி போட்டால், நிரப்பவும் காற்று வெளியேறவும் அது போதும்.

பம்பில் பிடிக்கக் கூடாது. கொளத்தூர் மீன் சந்தையில் தொட்டிப் பம்ப் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பெஞ்சில் கழுவவும் கசிவு பார்க்கவும் அது அருமையான உதவி. கணினிக்குள் வைக்க அது வேண்டாம் என்றார் பாய். அது 230 வோல்ட்டில் ஓடுவது, கணினியோடு சேர்ந்து தானாக எழுந்து அணைவதற்கு ரிலே வேண்டும், தண்ணீரும் வீட்டு மின்சாரமும் அடுத்தடுத்து இருக்கும். கணினியின் பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ் கொடுக்கும் 12 வோல்ட்டில் ஓடும் பம்ப்தான் சரி. டி5, டிடிசி என்ற இரண்டு வகைகளும் நீண்ட காலம் உழைப்பவை என்று பெயரெடுத்தவை, பழையதாக வாங்கினாலும் நம்பலாம். பம்பின் உட்சுழலி தண்ணீரில்தான் வழுக்கி ஓடுகிறது. வறண்டு ஓடினால் தேய்ந்துவிடும் என்பதால் தண்ணீர் வந்து சேராமல் சுவிட்சைத் தொடக் கூடாது.

தண்ணீரில் பிடிக்கக் கூடாது. போர்வெல் தண்ணீரும் கேன் தண்ணீரும் உப்பைச் சுமந்து வருபவை. டிஸ்டில்டு வாட்டர் இன்வெர்ட்டர் பேட்டரி கடையிலேயே மலிவாகக் கிடைக்கும். பாசி பிடிக்காமலிருக்க அதற்கென்று விற்கும் மருந்தில் சில துளிகள் போதும். சுத்தமான தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தாது, கசிந்தாலும் பயமில்லை என்று சிலர் சொல்வார்கள். உலோகத்தைத் தொட்டு ஓட ஓட அதில் அயனிகள் சேர்ந்துவிடும், போர்டின் மேலுள்ள தூசியும் கலக்கும். அந்த நம்பிக்கையில் கசிவை விட்டு வைக்கக் கூடாது.

காற்றை விரட்டுவதும் கசிவு பார்ப்பதும்

மதர்போர்டுக்கும் கார்டுக்கும் போகும் மின் இணைப்புகளை எல்லாம் கழற்றிவிட்டு, பம்பை மட்டும் எஸ்எம்பிஎஸ்ஸில் வைத்தோம். 24 பின் கனெக்டரில் பச்சை வயரையும் ஏதாவது ஒரு கறுப்பு வயரையும் சின்ன வயர்த் துண்டால் இணைத்தால் கணினி இல்லாமலே எஸ்எம்பிஎஸ் எழுந்துகொள்ளும். எல்லா வயரும் கறுப்பாக வரும் மாடல்களில் அது 16-வது பின். ஒவ்வொரு மூட்டின் கீழும் டிஷ்யூ பேப்பர் விரித்தோம். ஒரு சொட்டு விழுந்தாலும் அதில் வட்டம் தெரியும்.

டி ஜாயின்ட் மேல் நிற்கும் டியூபில் ஊற்றி, சில விநாடி ஓடவிட்டு, நிறுத்தி, மறுபடி ஊற்றி நிரப்ப வேண்டும். உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றப் பொறுமை வேண்டும். லெவல் டியூபில் ஒரு குமிழி இருந்தால் மட்டம் தப்பும் என்று கொத்தனார் அதைத் தட்டித் தட்டி விரட்டுவதைப் பார்த்திருப்போம். அதே வேலைதான் இங்கும். கோரை ஒரு பக்கம் சாய்த்து, மறுபக்கம் சாய்த்து, டியூபைச் சுண்டிச் சுண்டி விரட்ட வேண்டும். காற்று மிச்சமிருந்தால் பம்ப் கரகரக்கும். அந்தச் சத்தம் நின்று, பம்பின் மேல் கை வைத்தால் மெல்லிய அதிர்வு மட்டும் தெரிந்தால் காற்று போய்விட்டது என்று அர்த்தம். அப்படியே இரவு முழுக்க ஓடவிட்டு, டிஷ்யூ எல்லாம் காய்ந்திருப்பதைக் காலையில் பார்த்த பிறகுதான் மதர்போர்டுக்கு மின்சாரம் கொடுத்தோம்.

அறை 34 டிகிரியாக இருந்த இரவில் ரெண்டர் ஓட்டி நோட்டில் எழுதினேன். முன்பு 83 டிகிரியில் போய் நின்று வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் கார்டு, ஐம்பதுகளிலேயே நின்றது. பிறகு சிப்புக்கும் ஒரு பிளாக் சேர்த்தோம். அங்கே கிடைத்த லாபம் இதைவிடச் சிறியது. மூடிக்கு உள்ளே இருக்கும் பேஸ்ட் பற்றிப் பாய் முன்பே சொன்னது அப்படியே எண்களில் வந்தது.

கடைசி அடைப்பு

இனி அடைப்பு எங்கே என்று அவர் மறுபடியும் கேட்டார். காகிதத்தில் நான் வரைந்த வழியின் கடைசி இரண்டு கட்டங்கள் பாக்கி இருந்தன: அறை, வெளி. சிப்பும் கார்டும் சேர்ந்து 275 வாட்டை அறைக்குள் கொட்டினால், ரேடியேட்டர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அறையே சூடேறும், அதன் பின்னால் தண்ணீரும் சூடேறும்.

காற்றுக் கூலருக்கு இங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை. தண்ணீர் சூட்டை நாம் சொல்லும் இடத்துக்கு எடுத்துப் போகும். டியூபை நீட்டிக் கோரை ஜன்னல் கம்பியில் கட்டினோம். ஃபேன் வெளிப்பக்கம் ஊதும்படி வைத்து, ஃபேனுக்கும் கோருக்கும் நடுவில் இடைவெளி விட்டு அட்டைப் பெட்டியால் கூடு செய்து, ஓரங்களை ஸ்பான்ஜ் பட்டையால் அடைத்தோம். ஜன்னல் உயரத்துக்குத் தண்ணீரைப் பம்ப் ஏற்றுமா என்று தயங்கினேன். மூடிய சுற்றில் ஏறும் தண்ணீரின் எடையை இறங்கும் தண்ணீர் ஈடுகட்டிவிடும். நிரம்பிய பிறகு பம்ப் வெல்ல வேண்டியது உராய்வை மட்டும்தான். ரெண்டர் ஓடும் இரவுகளில் சிப், கார்டு இரண்டின் சூட்டில் பெரும்பகுதி இப்போது அறைக்குள் தங்குவதில்லை. கேபினெட்டில் வேகமாகச் சுற்ற வேண்டிய ஃபேன் இல்லாததால் அதே அறையில் குரல் பதிவும் செய்கிறேன்.

தொடங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் செலவு வரிசை இதுதான். முதலில் தெர்மாமீட்டரும் நோட்டும். அடுத்து தூசி தட்டலும் புதுப் பேஸ்ட்டும். அதன்பின் ஒரு கேபினெட் ஃபேன். சிப் மட்டும்தான் சூடென்றால் ஹீட்பைப் வைத்த நல்ல டவர் கூலர் போதும். அந்தச் செம்புக் குழாய்களுக்குள்ளும் கொஞ்சம் தண்ணீர்தான் ஆவியாகி, குளிர்ந்து, சூட்டைச் சுமக்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் கார்டு வேகத்தைக் குறைத்துக்கொண்டாலோ, சத்தம் தொழிலைக் கெடுத்தாலோ, சூட்டை அறைக்கு வெளியே அனுப்ப வேண்டியிருந்தாலோ, அப்போது வாட்டர் கூலிங் செய்யுங்கள். பம்புக்கும் தண்ணீருக்கும் பணத்தைக் கொடுங்கள், ரேடியேட்டருக்கும் டியூபுக்கும் உழைப்பைக் கொடுங்கள், கசிவுச் சோதனைக்கு ஒரு முழு இரவைக் கொடுங்கள். பழைய கணினி இன்னும் சில கோடைகளுக்கு முழு வேகத்தில் உழைக்கும்.